கரீபியன் குரூஸ்: பஹாமாஸா, மேற்கா, கிழக்கா, தெற்கா?

டல்லாஸ், ஹூஸ்டன், எடிசன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் டிசம்பர் விடுமுறைப் பேச்சு எழுந்ததும் கண்ணில் படுவது ஒரு குரூஸ், அதாவது உல்லாசக் கப்பல் விளம்பரம்தான்: நான்கு இரவு, ஆளுக்கு முந்நூற்றுச் சொச்சம் டாலர். பார்த்தவுடன் நாலு பேருக்கு ஆயிரத்து இருநூறு என்று மனம் பெருக்கிவிடும். பயணம் முடிந்து கிரெடிட் கார்டு பில் வரும்போது அது மூவாயிரத்தைத் தாண்டியிருக்கும். யாரும் ஏமாற்றவில்லை. விளம்பரத்தில் இருந்தது கப்பல் கட்டணம், பில்லில் இருந்தது பயணச் செலவு.

பஹாமாஸ், மேற்கு, கிழக்கு, தெற்கு கரீபியன் என்ற நான்கு வழித்தடங்களுக்கும் ஓர் இரவுக்கான கப்பல் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. எந்த ஊரில் ஏறுகிறீர்கள், எத்தனை தீவில் இறங்குகிறீர்கள், பாஸ்போர்ட்டில் என்ன விசா ஒட்டியிருக்கிறது என்ற மூன்றில்தான் வித்தியாசம் இருக்கிறது. ஆகவே கப்பலைப் பிறகு பார்க்கலாம். முதலில் வழித்தடத்தை முடிவு செய்யுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு அளவுகோல்கள் போதும். ஒன்று, உங்கள் குடும்பத்தில் எல்லாருடைய காகிதங்களும் அந்த வழிக்குச் செல்லுமா. இரண்டு, வீட்டை விட்டுக் கிளம்பி வீடு திரும்பும் வரை ஆளுக்கு ஓர் இரவுக்கு ஆகும் செலவு. மூன்று, கடலிலேயே கழியும் நாள் எத்தனை, கரையில் இறங்கும் நாள் எத்தனை. நான்கு, நீங்கள் போகும் மாதத்தில் அந்தக் கடல் எப்படி இருக்கும். பெரியவர்கள், கைக்குழந்தை, சைவச் சாப்பாடு எல்லாம் இந்த நான்கிற்குள் ஆங்காங்கே வரும்.

## முதலில் விசா

பணத்தைவிட இதற்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும். விசா சரியில்லை என்றால் கட்டிய பணம் முழுவதும் போய்விடும்.

அமெரிக்காவில் 1886-இல் வந்த பயணிகள் கப்பல் சட்டம் ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வெளிநாட்டுக் கொடியில் ஓடும் கப்பல், ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொடாமல் அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி இறக்க முடியாது. பெரிய குரூஸ் கப்பல்களில் கிட்டத்தட்ட எல்லாமே பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. அதனால் புவேர்ட்டோ ரிக்கோ, செயின்ட் தாமஸ் என்று அமெரிக்கப் பகுதிகளையே சுற்றுவதுபோல் தெரியும் பயணமும் எங்காவது ஓர் அந்நிய மண்ணைத் தொட்டுத்தான் திரும்பும். மூன்று இரவு குரூஸ் போனாலும் நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியேறி, மறுபடி உள்ளே வருகிறீர்கள்.

எச்-1பி (வேலை விசா), எச்-4 (அவர்கள் குடும்பத்தாருக்கு). பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா திரும்பும் தேதிக்கு அப்பாலும் செல்லுபடியாகிறது என்றால் சிக்கல் இல்லை. வேலை அனுமதியை நீட்டித்த ஐ-797 ஒப்புதல் கடிதம் கையில் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா (ஸ்டாம்பிங்) மட்டும் காலாவதி என்றால் நிறுத்தி யோசிக்க வேண்டும். காலாவதியான விசாவோடு 30 நாளுக்குள் திரும்ப அனுமதிக்கும் தானியங்கிப் புதுப்பிப்பு விதி எச் பிரிவினருக்குக் கனடா, மெக்சிகோ போய்வர மட்டுமே பொருந்தும். கரீபியன் தீவுகளுக்கும் அந்தச் சலுகை உள்ளவர்கள் எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்கள். அதாவது ஸ்டாம்பிங் காலாவதியான எச்-1பிகாரருக்கு பஹாமாஸ், ஜமைக்கா, கிராண்ட் கேமன் எதுவும் ஆகாது. மெக்சிகோவில் மட்டும் நின்று திரும்பும் நான்கைந்து இரவுப் பயணம் விதிப்படி முடியலாம். ஆனால் புயலால் கப்பல் வேறு நாட்டுக்குத் திருப்பப்பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கப்பல் நிறுவனத்தின் செக்-இன் ஊழியர் இந்த விதியை ஏற்காமல் ஏற மறுப்பதற்கும் வாய்ப்பு உண்டு. ஸ்டாம்பிங் இல்லாதவர்கள் அந்த வருடம் குரூஸைத் தள்ளி வைப்பதே நல்லது.

ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) நிலுவையில் இருப்பவர்கள். செல்லுபடியாகும் எச் அல்லது எல் விசாவோ, முன் அனுமதிப் பயண ஆவணமோ இல்லாமல் கப்பல் ஏறினால், கிரீன் கார்டு விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும். வெறும் வேலை அனுமதி அட்டையை நம்பி ஏறக் கூடாது.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா. இந்தியர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பத்து வருடப் பலமுறை பி-2 சுற்றுலா விசா போதும். ஆனால் குரூஸ் போய்வந்தால் ஐ-94 (எந்தத் தேதி வரை தங்கலாம் என்ற பதிவு) புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். பெரும்பாலும் பழைய தேதியே தொடரும்.

இறங்கும் நாடுகள். அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. மற்ற தீவுகளுக்கு நாட்டுக்கு நாடு விதி வேறு. அதிகம் கவனிக்க வேண்டியவை மார்த்தினிக்கும் குவாதலூப்பும். அவை பிரான்ஸின் பகுதிகள்தான், ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் எல்லைக்குள் வராதவை. சாதாரண ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது. இந்தத் தீவுகள் பட்டியலில் இருந்தால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கப்பல் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஒரே ஒரு துறைமுகத்துக்கு விசா இல்லாவிட்டாலும், நீங்கள் அங்கே இறங்காமல் இருந்துகொள்கிறேன் என்று சொன்னாலும், ஏற மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்கு, அதே துறைமுகத்துக்குத் திரும்பும் பயணமாக இருந்தால், பிறப்புச் சான்றிதழே போதும் என்பார்கள். உண்மைதான். ஆனால் மெக்சிகோவின் கோசுமெல்லில் கப்பலைத் தவறவிட்டால் விமானம் ஏற பாஸ்போர்ட் வேண்டும். பிள்ளைக்கும் எடுத்துவிடுங்கள்.

## எந்த வழியில் போனாலும் கட்டும் காசு

2024 ஜூலையில் கலிஃபோர்னியாவில் ஒரு விலை வெளிப்படைச் சட்டம் வந்த பிறகு, பெரிய நிறுவனங்கள் வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்தே விலை காட்டுகின்றன. அதற்கு வெளியே நிற்பவை இவை.

டிப்ஸ். ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர், பிள்ளைகளுக்கும் சேர்த்து. கைக்குழந்தைக்குச் சில நிறுவனங்கள் மட்டும் வாங்குவதில்லை. சூட் அறை என்றால் இன்னும் கூடும். தினமும் தானாகவே கணக்கில் ஏறும். கவுண்டரில் சொல்லிக் குறைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அறையைத் துடைப்பவரும் சாப்பாடு பரிமாறுபவரும் வாங்கும் சம்பளத்தின் முக்கியமான பகுதி அது. அதைக் குறைத்துப் பயணத்தை மலிவாக்க வேண்டாம். முதலிலேயே செலவில் சேர்த்துவிடுங்கள்.

குடிபானம். தண்ணீர், லெமனேட், ஐஸ் டீ, சாதாரண காபி, காலைச் சாப்பாட்டோடு ஜூஸ் இலவசம். கோக், பாட்டில் தண்ணீர், எஸ்பிரெஸ்ஸோ வகைக் காபிக்குக் காசு. மது பேக்கேஜ் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு கேபினில் ஒருவர் வாங்கினால் அதே கேபினில் இருக்கும் மற்ற பெரியவர்களும் வாங்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. அதன்மேல் 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணமும் உண்டு. கணவர் மட்டும் குடிப்பார், மனைவி தொடமாட்டார் என்ற வீட்டில் பேக்கேஜ் கட்டுப்படியாகாது, தனித்தனியாக வாங்குவதே மலிவு. பிள்ளைகளுக்கு சோடா பேக்கேஜ் தனியாகக் கிடைக்கும்.

வைஃபை, போன். கருவி ஒன்றுக்கு நாளுக்கு 20 முதல் 30 டாலர் வரை. ஏறுவதற்கு முன்பே வாங்கினால் குறையும். ஒரு கருவிக்கு வாங்கி, வீட்டார் மாற்றி மாற்றி லாகின் செய்யலாம். போனைக் கப்பல் கிளம்புமுன் ஏரோபிளேன் மோடில் போடாவிட்டால், நடுக்கடலில் கப்பலின் செல்போன் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு பில்லை ஏற்றிவிடும்.

கார்டு. கப்பல் கணக்குக்கு டெபிட் கார்டு கொடுக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். இறங்கிய பிறகும் சில நாள் உங்கள் வங்கிப் பணம் முடங்கிக் கிடக்கும்.

மருத்துவம். கப்பல் மருத்துவர் இன்சூரன்ஸ் அட்டையைப் பார்ப்பதில்லை. பில் நேரே கேபின் கணக்குக்குப் போகும், பிறகு நீங்கள்தான் இன்சூரன்ஸில் கேட்டு வாங்க வேண்டும். கடலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிப் போக நேர்ந்தால் செலவு பல்லாயிரம் டாலரில் போகும். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸ் அமெரிக்காவுக்கு வெளியே செல்லுமா என்று பாலிசியில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பயணக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும்.

## நான்கு பேருக்கு ஒரு மாதிரிக் கணக்கு

டல்லாஸில் வசிக்கும் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஜன்னல் இல்லாத ஒரே கேபின், கூட்டமில்லாத மாதம் என்று வைத்துக்கொள்வோம். டாலர் தொகைகள் ஒப்பிடுவதற்காக நாங்கள் வைத்த மாதிரித் தொகைகளே. உங்கள் தேதிக்கு வரும் விலையை அந்தந்த வரியில் போட்டுப் பாருங்கள். கேபினில் முதல் இருவருக்கு முழுக் கட்டணம், மூன்றாவது நான்காவது ஆளுக்குக் குறைவு. வயதுக்கும் கட்டணத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை.

| செலவு | பஹாமாஸ், 4 இரவு, ஃப்ளோரிடாவிலிருந்து | மேற்கு, 7 இரவு, கால்வெஸ்டனிலிருந்து | கிழக்கு, 7 இரவு, ஃப்ளோரிடாவிலிருந்து | தெற்கு, 7 இரவு, சான் ஹுவானிலிருந்து |
|---|---|---|---|---|
| கப்பல் கட்டணம், வரியுடன் | 1,360 | 2,300 | 2,300 | 2,400 |
| டிப்ஸ், ஆளுக்கு நாளுக்கு 18 | 288 | 504 | 504 | 504 |
| விமானம் / பெட்ரோல் | 1,000 | 80 | 1,000 | 1,600 |
| முந்தைய இரவு ஹோட்டல் | 200 | – | 200 | 220 |
| டாக்ஸி / பார்க்கிங் | 120 | 160 | 120 | 60 |
| கரையில் சுற்றுவது | 260 | 600 | 420 | 900 |
| வைஃபை, ஒரு கருவி | 80 | 140 | 140 | 140 |
| குளிர்பானம், காபி | 90 | 150 | 150 | 150 |
| காப்பீடு | 100 | 150 | 150 | 150 |
| மொத்தம் | 3,498 | 4,084 | 4,984 | 6,124 |
| ஆளுக்கு ஓர் இரவுக்கு | 219 | 146 | 178 | 219 |

கடைசி வரியைப் பாருங்கள். மலிவென்று தோன்றிய நான்கு இரவு பஹாமாஸும், விலை கூடுதலாகத் தோன்றிய தெற்கு கரீபியனும் இரவுக்கு ஒரே விலை. விமானமும் ஹோட்டலும் நான்கு இரவுக்கும் அதேதான், ஏழு இரவுக்கும் அதேதான். குறுகிய பயணத்தில் அந்தச் சுமையைத் தாங்க இரவுகள் போதவில்லை. இதே குடும்பம் ஃப்ளோரிடாவில் வசித்தால் பஹாமாஸ் கணக்கில் 1,320 டாலர் கழிந்து, ஐந்து நாள் பார்க்கிங்குக்கு நூறு டாலர் மட்டும் சேரும். இரவுக்கு 142-க்கு இறங்கிவிடும்.

நால்வர் ஒரே அறையில் ஏழு இரவு என்பது நெருக்கம்தான். மேலே இழுத்துவிடும் படுக்கையில் பிள்ளைகள் சந்தோஷமாகப் படுப்பார்கள், ஒரே குளியலறைதான் வாட்டும். பால்கனி அறை ஒன்றில் நாலு பேர் என்பதையும், ஜன்னல் இல்லாத அறை இரண்டு என்பதையும் சேர்த்தே விலை பாருங்கள். பல தேதிகளில் இரண்டு அறைக்கும் ஒரு பால்கனி அறைக்கும் விலை நெருங்கி நிற்கும். அப்போது இரண்டு அறையையே எடுங்கள்.

## பஹாமாஸ், மூன்று நான்கு இரவு

மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கேனவரல் ஆகிய இடங்களிலிருந்து மாலையில் கிளம்பினால் மறுநாள் காலை பஹாமாஸின் தலைநகர் நசாவ். அதோடு கப்பல் நிறுவனத்தின் சொந்தத் தீவோ தனிக் கடற்கரையோ ஒன்று: ராயல் கரீபியனுக்குக் கோகோகே, கார்னிவலுக்கு 2025 ஜூலையில் திறந்த செலிப்ரேஷன் கீ. அங்கே கடற்கரை, நாற்காலி, சாப்பாடு இலவசம். வாட்டர் பார்க், கபானா (நிழல் குடில்), சிறப்புக் குளங்களுக்குத் தனிக் காசு. கோகோகேயில் வாட்டர் பார்க் டிக்கெட் நெரிசலான நாளில் ஆளுக்கு நூறு டாலரையும் தாண்டும். பிள்ளைகள் கேட்பார்கள் என்று தெரிந்தால் அதையும் கணக்கில் எழுதிவிடுங்கள்.

பொருத்தம்: ஃப்ளோரிடா, ஜார்ஜியாவில் காரில் வரும் தூரத்தில் இருப்பவர்கள், கடல் ஒத்துக்கொள்ளுமா என்று முதல்முறை பார்ப்பவர்கள், லீவு குறைவாக உள்ளவர்கள். ஆர்லாண்டோ போகிறவர்கள் அதோடு இதைச் சேர்த்தால் விமானச் செலவு பங்காகிவிடும். ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து போர்ட் கேனவரல் ஒரு மணி நேரத்துக்குள்.

நியூ ஜெர்சிக்காரர்களுக்கு விமானமே வேண்டாம், பேயோன் துறைமுகம் எடிசனுக்கு அருகிலேயே இருக்கிறது. ஆனால் ஜனவரியில் அங்கே ஏறினால் முதல் ஒன்றரை நாளும் கடைசி ஒன்றரை நாளும் குளிர்காற்றுதான், அட்லாண்டிக்கும் ஆட்டும். வெயிலுக்காகப் போகிறவர்கள் அந்த மூன்று நாளைக் கழித்துவிட்டு இரவுச் செலவைப் போடுங்கள்.

## மேற்கு கரீபியன்

கோசுமெல், கோஸ்டா மாயா, ஹோண்டுராஸின் ரோவாத்தான், பெலீஸ், கிராண்ட் கேமன், ஜமைக்கா. டெக்சாஸ்காரர்களுக்குக் கால்வெஸ்டன் இருப்பதால் பணக்கணக்கில் இதை வேறெதுவும் நெருங்க முடியாது. டல்லாஸிலிருந்து ஐந்து மணி நேரக் கார், ஹூஸ்டனிலிருந்து ஒரு மணி நேரம். பெட்டிக்கு எடை வரம்பு கிடையாது.

பார்ப்பதற்கும் இங்கேதான் அதிகம். மாயா நாகரிக இடிபாடுகள் எல்லாம் இந்தப் பக்கம். ஆனால் கோசுமெல்லில் இறங்கி சிச்சென் இட்சா போகலாம் என்று நினைக்காதீர்கள். முக்கால் மணி நேரம் ஃபெர்ரி, பிறகு இரண்டரை மணி நேரம் பஸ், அப்படியே திரும்ப வேண்டும். கோவிலைப் பார்க்கும் நேரத்தைவிட பஸ்ஸில் இருக்கும் நேரம் மூன்று மடங்கு. துலும் அதைவிடப் பக்கம். கோஸ்டா மாயாவில் இறங்கினால் சக்சோபென் ஒரு மணி நேரத்துக்குள், கூட்டமும் குறைவு. பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிப்போக அதுவே நல்லது.

இங்கே தவறுவது மூன்று இடத்தில்.

கிராண்ட் கேமனில் பெரிய கப்பல் நிற்கத் துறைமுக மேடை கிடையாது. 2025 ஏப்ரலில் நடந்த பொது வாக்கெடுப்பிலும் மக்கள் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். கப்பல் கடலில் நிற்கும், சின்னப் படகில் மாறிக் கரைக்குப் போக வேண்டும். பெலீஸிலும் அப்படித்தான், அங்கே படகுப் பயணம் இன்னும் நீளம். ஆடும் படகில் கால் வைக்க முழங்கால் வலி உள்ள அம்மாவால் முடியாது, சக்கர நாற்காலி பெரும்பாலும் ஏறாது. அலை அதிகமானால் அந்த நிறுத்தத்தையே ரத்து செய்துவிடுவார்கள். பெற்றோரோடு போகிறவர்கள் படகில் மாறாத துறைமுகங்களாகப் பார்த்து எடுங்கள்.

இரண்டாவது, கடிகாரம். கோசுமெல் இருக்கும் மெக்சிகோ மாநிலம் வருடம் முழுவதும் ஒரே நேரத்தை வைத்திருக்கிறது. கோடையில் அது மயாமி நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். மயாமி நேரத்தில் ஓடும் கப்பலில் நான்கு மணிக்குள் ஏற வேண்டும் என்றால், கரையில் தானாக மாறிக்கொண்ட உங்கள் போன் மூன்று என்று காட்டிக்கொண்டிருக்கும். கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் போனால் கப்பல் காத்திருக்கும். வெளியே நீங்களே பேசிய வண்டியில் போனால் காத்திருக்காது.

மூன்றாவது, சர்காசம் கடற்பாசி. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை கோஸ்டா மாயாவின் கடற்கரையில் பழுப்பு நிறத்தில் குவிந்து அழுகும், நாற்றம் தாங்காது. கோசுமெல்லின் கப்பல் நிற்கும் மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிவிடும். கோடையில் போனால் கடற்கரை நாளைக் கோசுமெல்லில் வைத்துக்கொண்டு, கோஸ்டா மாயாவில் இடிபாடுகளைப் பாருங்கள்.

## கிழக்கு கரீபியன்

சான் ஹுவான், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின், சில சமயம் டொமினிகன் குடியரசின் புவேர்ட்டோ பிளாத்தா. மயாமியிலிருந்து செயின்ட் தாமஸ் ஏறத்தாழ ஆயிரம் கடல் மைல். அதனால் ஏழு இரவில் மூன்று நாள் முழுக்கக் கடலில் போய்விடும். கப்பலையே அனுபவிக்க விரும்புகிறவர்களுக்கு இது வரம். ஐகான் ஆஃப் த சீஸ் போன்ற மிகப் பெரிய கப்பல்களில் நீச்சல் குளம், சறுக்கு, நாடகம், ஐஸ் ஸ்கேட்டிங் என்று பிள்ளைகளுக்கு மூன்று நாள் போதாது. ஆனால் கடல் நாட்களில்தான் கப்பலுக்குள் செலவு ஏறும். காபி, விசேஷ உணவகம், பிங்கோ, வீடியோ கேம் அறை, புகைப்படம் எல்லாம் அந்த நாட்களுக்காகவே காத்திருக்கின்றன. பிள்ளைகளின் கேபின் அட்டையில் செலவு வரம்பை முதல் நாளே கவுண்டரில் போடச் சொல்லுங்கள்.

கரையில் செலவு குறைவு. பழைய சான் ஹுவானில் கப்பலை விட்டு இறங்கினால் நடந்தே ஊரைப் பார்க்கலாம். எல் மோரோ, சான் கிறிஸ்டோபல் கோட்டைகள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், பெரியவருக்குப் பத்து டாலர்தான். செயின்ட் தாமஸில் மேகன்ஸ் பே கடற்கரைக்கு ஆள் கணக்கில் ஓடும் டாக்ஸி வேன் கிடைக்கும். தலைக்கு மேல் விமானம் இறங்கும் மாஹோ கடற்கரை செயின்ட் மார்ட்டினில். அதைப் பார்க்கக் கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

திறந்த அட்லாண்டிக்கின் ஓரமாகவே போவதால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆட்டம் சற்றுக் கூடுதல். தலைசுற்றல் உள்ளவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் எடுங்கள். ஆட்டம் தெரியாத இடம் அதுதான், விலையும் குறைவு. மெக்லிசைன் மாத்திரை போடுகிறவர்கள் தலை சுற்றுவதற்கு முன்பே போட வேண்டும்.

## தெற்கு கரீபியன்

சான் ஹுவானில் ஏறினால் ஏழு இரவில் ஐந்து தீவுகள் வரை இறங்கலாம்: பார்படோஸ், செயின்ட் லூசியா, கிரெனடா, அல்லது அரூபா, குராசாவ், பொனேர். விமானச் செலவுதான் பெரியது. சான் ஹுவானுக்கு அது உள்நாட்டு விமானம். ஆனால் புவேர்ட்டோ ரிக்கோவை விட்டுக் கிளம்பும்போது பெட்டியை விவசாயத் துறை சோதனை செய்யும், பல பழங்களை எடுத்து வர முடியாது.

தீவுகளே முக்கியம், கப்பல் வெறும் விடுதி போதும் என்பவர்களுக்கு இதுதான் சரியான பயணம். நடந்து பார்க்கத் தெம்பு வேண்டும். நாள்தோறும் காலையில் ஒரு புதிய ஊர் என்பது ஆறு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கும் எழுபது தாண்டியவர்களுக்கும் மூன்றாம் நாளே அலுப்புத் தட்டும்.

தமிழர்களுக்கு இந்தப் பக்கம் இன்னொரு காரணமும் இருக்கிறது. 1853-இல் மார்த்தினிக்குக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றிய முதல் கப்பல் வந்து சேர்ந்தது. தொடர்ந்து வந்த பல கப்பல்கள் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் புறப்பட்டவை, அவற்றில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்கள் வம்சத்தில் இன்று தமிழ் பேசுகிறவர்கள் அநேகமாக இல்லை. ஆனால் மாரியம்மனை மாலியெமென் என்ற பெயரில் கும்பிடுகிறார்கள், மசாலாக் குழம்புக்குக் கொலோம்போ என்று பெயர். குவாதலூப்பில் கப்பஸ்தேர் பெல்ஓ ஊரருகே ஷாங்கி என்ற இடத்தில் சாலையோரமாகவே கோபுரத்தோடு கோவில் நிற்கிறது. கப்பல் நிற்கும் புவான்த்தாபித்திலிருந்து டாக்ஸியில் போய்வரும் தூரம்தான். இந்தக் கோவிலுக்காகவே தெற்கு வழியை எடுக்கலாம் என்று சொல்லத் தயங்கமாட்டோம், மேலே சொன்ன பிரெஞ்சு விசா விஷயத்தைத் தீர்த்துக்கொண்ட பிறகு.

## எந்த மாதம்

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் பத்தை ஒட்டி. அரூபா, குராசாவ், பொனேர் வழக்கமான புயல் பாதைக்குத் தெற்கே இருக்கின்றன. செப்டம்பர் அக்டோபரில்தான் லீவு என்றால் அந்த மூன்று தீவுள்ள பயணமே நல்ல தெரிவு. கிரெனடாவை அதோடு சேர்த்து எண்ணாதீர்கள். 2024 ஜூலையில் பெரில் புயல் அதன் கரியாக்கூ தீவைத் துவம்சம் செய்தது.

புயல் வந்தால் கப்பல் மூழ்காது, விலகிப் போகும். நீங்கள் கிழக்கு என்று வாங்கியது மேற்காக மாறும். தவறிய துறைமுகத்தின் வரி மட்டும் திரும்பக் கிடைக்கும், கட்டணம் கிடைக்காது. எச்-1பி ஸ்டாம்பிங் பற்றி அவ்வளவு அழுத்திச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலிவான வாரங்கள்: செப்டம்பர், நன்றி நவிலல் நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடைப்பட்ட இரண்டு வாரங்கள், ஜனவரிப் பிற்பகுதி. டிசம்பர் முதல் பாதி எல்லா வகையிலும் நல்லது. புயல் ஓய்ந்திருக்கும், பள்ளிக் கூட்டம் வந்திருக்காது. இன்னும் பள்ளிக்குப் போகாத பிள்ளையுள்ள குடும்பத்துக்கு அந்த இரண்டு வாரத்தை விட்டால் வேறு நல்ல நேரம் இல்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் அதே கேபின் இரண்டு மடங்கு விலைக்குப் போகும்.

## சாப்பாடு

சைவர்கள் பயப்பட வேண்டாம். முதல் இரவு பெரிய உணவகத்தில் தலைமைப் பரிமாறுநரிடம் இந்திய சைவம் வேண்டும் என்று சொல்லிவிட்டால் மறுநாளிலிருந்து பருப்பு, காய்கறிக் குழம்பு, சாதம் வரும். பல கப்பல்களின் சமையலறையில் இந்தியர்கள் வேலை பார்க்கிறார்கள். வருவது பெரும்பாலும் வடநாட்டு ருசி. தயிரும் சோறும் பஃபேயில் எப்போதும் இருக்கும், ஊறுகாய் பாக்கெட் உங்களிடம் இருந்தால் தயிர்சாதம் தயார். கடையில் வாங்கிய சீல் உடைக்காத பாக்கெட்டுகளைக் கொண்டுபோகலாம். வீட்டில் செய்த புளியோதரையை அனுமதிக்கமாட்டார்கள். கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி எதுவும் கூடாது, ஸ்கேனரில் பிடித்து எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

## பணம் கட்டும் வரிசை

விசாக்களையும் பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுமா என்பதையும் பார்த்த பிறகு, திரும்பப் பெறக்கூடிய முன்பணத்தில் கேபினைப் பிடியுங்கள். திரும்பப் பெற முடியாத முன்பணம் சற்று மலிவாக இருக்கும், எல்லாருடைய லீவும் உறுதியான பிறகு மட்டும் அதை எடுக்கலாம். முழுப் பணம் கட்டும் கடைசி நாள் பயணத்துக்கு 75 முதல் 120 நாள் முன்பு வரும். அதுவரை வாரம் ஒருமுறை விலையைப் பாருங்கள். இறங்கியிருந்தால் போன் செய்து குறைந்த விலைக்கு மாற்றச் சொல்லலாம், நாம் கேட்டால்தான் மாற்றுவார்கள். கைக்குழந்தைக்குக் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், நீண்ட கடல் நாட்கள் உள்ள பயணத்துக்கு ஒரு வயது. கர்ப்பிணிகளுக்குப் பயணத்தின் எந்த நாளிலும் 24 வாரத்தை எட்டியிருக்கக் கூடாது. விமான டிக்கெட்டைக் கப்பல் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளுக்கே போடுங்கள், திரும்பும் நாளில் நண்பகலுக்கு முன் கிளம்பும் விமானத்தைத் தவிருங்கள். மாலை நான்கு மணிக்குக் கிளம்பும் கப்பலின் செக்-இன் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். பனியில் தாமதமான உங்கள் விமானத்துக்காக அது நிற்காது.